பதிமூன்று சதவீதம் சாம்பல்

பதிமூன்று.

ராதா தராசைத் துடைத்தாள். க்ரூசிபிள் கிண்ணத்தை மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவையும் பதிமூன்று சதவீதம் சாம்பல்.

நல்ல மரக்கரி எரிந்து முடிந்தால் மிஞ்சுவது மூன்று. கொஞ்சம் மோசமென்றால் ஐந்து. பதிமூன்று என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

கே.ஜி.எஃப். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்னப் பரிசோதனைக்கூடம். தண்ணீர், மண், சிமெண்ட், எப்போதாவது கரி. சாம்பிள் கொடுத்தவர் யார் என்பது முதலாளி சாம்சனுக்கு மட்டும்தான் தெரியும். ராதாவின் கைக்கு வருவது நம்பர் ஒட்டிய பை. இந்தப் பையின் நம்பர் பி-ஏழு.

"இன்னாம்மா, முடிஞ்சிதா? மஞ்சுநாத் போன் மேல போன் போடறாரு," என்றார் சாம்சன்.

மஞ்சுநாத் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் ஷெட் வைத்திருப்பவர். உள்ளூரிலேயே நல்ல கரி கிடைத்தால் பாய்லரில் நீராவிக்கு ஆகும், கரிவாயுவில் ஓடும் என்ஜினுக்கு ஆகும், மிச்சம் ஷெட்டில் வேலை செய்கிறவர்களின் வீட்டு அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஆகும். மூன்றுக்கும் தேறினால் வருஷம் முழுக்க வாங்கிக்கொள்வதாகச் சாம்சனிடம் சொல்லியிருந்தார்.

"நல்ல கரிதான் சார். ஈரம் இல்ல, தார்க்கீல் இல்ல, புகையே வரல. சாம்பல்தான் இடிக்குது."

"மண்ணு ஒட்டிகினு இருக்கும். கழுவிப் பாத்தியா?"

கழுவினாள். காயவைத்து, பொடித்து, உலையில் வைத்தாள். இந்தத் தடவை மூன்று.

அப்படியானால் கரியில் குற்றமில்லை, ஒட்டியிருந்த மண்ணில்தான். கழுவிய தண்ணீரின் அடியில் அது படிந்திருந்தது. விரலால் தொட்டு, கட்டைவிரலில் தேய்த்தாள். மாவு மாதிரி நைசு. வெளிர் சாம்பல் நிறம். வெளிச்சத்தில் லேசாக மினுங்கியது.

ராதாவின் கை நின்றது.

இந்த மண்ணை அவளுக்குத் தெரியும். ஸ்கெலட்டன் சுரங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த யாருக்கும் தெரியும். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சயனைட் மேட்டு மண். காற்றடித்தால் வீட்டுக்குள் வரும், சோற்றில் விழும், கொடியில் காயும் துணியில் அப்பும்.

விறகை அடுக்கிக் கரி சுடும் கரிமூட்டத்தை ஊர்ப்பக்கத்தில் காற்றுப் புகாமல் களிமண் போட்டுத்தான் மூடுவார்கள். சயனைட் மேட்டு மண்ணைப் போட்டு மூடவேண்டும் என்று எவனுக்காவது தோன்றுமானால், அவன் கே.ஜி.எஃப்.காரனாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது எண்ணம் உடனே வந்தது. திங்கட்கிழமை துவைக்கப் போட்ட பேண்ட். மடித்துவிட்ட கால் ஓரத்தை உதறியபோது கொட்டியது இதே மண். கூடவே புகைநாற்றம்.

பேண்ட் அவள் புருஷன் பக்தவச்சலத்தினுடையது.

பத்தொன்பது வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை ஓடாத காலை ஐந்து மணி ரயிலில் பெங்களூருக்குப் போய், ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புகிறவன். அவளுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். இரண்டு மாதமாக அதுவும் இல்லை. "கோவிந்தன் வூடு கட்றான், ஒத்தாசைக்குப் போறேன்" என்பான். எதிர்வீட்டு அமலா கேட்டாள்: "இன்னாடி, உன் வூட்டுக்காரரு வாராவாரம் பேத்தமங்களா பஸ் ஏறுறாரே, அங்க யாரு கீறாங்க?" ராதா சிரித்து வைத்தாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரிப்போர்ட் பாரத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். கழுவிய கரிக்கு ரிப்போர்ட் எழுத முடியாது. வந்தது வந்தபடிதான். நீராவிக்கு: சாம்பல் உருகிக் கட்டி தட்டும், ஆகாது. வாயுவுக்கு: காற்றுவழி அடைக்கும், ஆகாது. வீட்டு உபயோகத்துக்கு: பேனா கொஞ்சம் தயங்கியது. சயனைடில் ஊறிய மண் ஒட்டிய கரியில் யாரோ ஒரு தாய் குழந்தைக்குப் பால் காய்ச்சுவாள். ஆகாது.

கையெழுத்துப் போட்டு சாம்சனிடம் நீட்டினாள்.

"சார், பி-ஏழு யாருதுன்னு நான் கேக்கல. ஆனா அடுத்த தடவ அது வந்தா நான் தொட மாட்டேன். நீங்களே பாருங்க."

சாம்சன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "நான் யாரு பேரும் சொல்லலியேம்மா," என்றார்.

அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பக்தவச்சலம் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ராதா ஏறினாள். பேத்தமங்களாவில் இறங்கி, புகை தெரிந்த திசையில் நடந்தாள்.

பக்தவச்சலத்தின் சிநேகிதன் கோவிந்தனின் நிலம். நீலகிரி மரங்களை வெட்டியெடுத்த இடம், வேர்க்கட்டைகள் குவிந்து கிடந்தன. நடுவில் ஆள் உயரத்துக்குக் கரிமூட்டம். அதன் மேல் சாம்பல் நிற மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான் பக்தவச்சலம். பக்கத்தில் அதே மண் இரண்டு மூட்டை.

முதலில் பார்த்தது கோவிந்தன்தான். "டேய் பக்தா, போலீஸ் வந்துட்ச்சி. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்." போயே போய்விட்டான்.

பக்தவச்சலம் திரும்பினான். முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை.

"வூடு ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்க," என்றாள் ராதா. "ஜன்னலு எங்க?"

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "ரிசல்ட் வந்திச்சா?"

"மூணுலயும் ஃபெயிலு. என் கையெழுத்துதான்."

அவன் தலையாட்டினான். மூட்டத்தின் ஓரமாக உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, தராசுல வெக்கிறப்போ உன் கை நடுங்கும். அது வாணாம்னு பாத்தேன்." கை மண்ணை உதறினான். "இது தேறினா ரயில விட்டுடலாம்னு நெனச்சேன். பத்தொம்பது வருசம் ஆச்சு. வேலநாள்ல காலைல நீ இன்னா சாப்புட்றன்னு கூட எனக்குத் தெரியாது ராதா."

ராதா மூட்டத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் கையில் வைத்தாள்.

"இது யாரு யோசன?"

"என்துதான். சின்ன வயசுல அதுல கால வெச்சா முட்டி வரைக்கும் பொதையும், ஞாபகம் இருக்கா? காத்து பூராத மண்ணு. மூட்டத்துக்கு இத விட இன்னா வேணும்?"

"காத்து பூராது. கரில பூந்துட்ச்சி." அவள் சிரித்தாள், அழுகையும் சேர்ந்து வந்தது. "கழுவி எரிச்சிப் பாத்தேன். வெறும் மூணு. உங்க கரில ஒரு குத்தமும் இல்லீங்க. அதோ, ஏரியில தண்ணி எறங்கி களிமண்ணு தெரியுது. அத எடுத்து மூடாம, சயனைட் மேட்ட பஸ்ல ஏத்திக்கினு வந்த ஆளு நீங்க ஒருத்தருதான்."

அவன் கையிலிருந்த மண்ணைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சேலை முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். கரி போகவில்லை, பரவியது.

"கண்டக்டரு கேட்டான்," என்றான் மெதுவாக. "கோலமாவுன்னு சொன்னேன்."

அன்றைக்கு இருவரும் களிமண் சுமந்து ஏரிக்கும் மூட்டத்துக்குமாகப் பதினெட்டு நடை நடந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து வந்த கரிப் பையை ராதா தொடவில்லை. அந்த நாள் முழுக்க வேறு யாருடைய கிணற்றுத் தண்ணீரையோ சோதித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு மருந்து விடவேண்டிய இடத்தில் மூன்று சொட்டு விட்டாள். சாயங்காலம் சாம்சன் ரிப்போர்ட் பாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். சாம்பல் மூன்று புள்ளி இரண்டு. நீராவிக்கு ஆகும். வாயுவுக்கு ஆகும். வீட்டுக்கு ஆகும்.

அடுத்த திங்கட்கிழமை, காலை ஐந்து மணி. தூரத்தில் ரயில் கூவியது. பக்தவச்சலம் பழக்கத்தில் துள்ளி எழுந்து, சட்டையைத் தேடி, அப்படியே நின்றான்.

"வூட்ல இருந்து கேட்டா இப்பிடித்தான் கேக்குமா?"

"பத்தொம்பது வருசமா இப்பிடித்தான் கேக்குது," என்றாள் ராதா. அடுப்படியிலிருந்து பழைய சோற்றுப் பானையோடு வந்து, இரண்டு தட்டை வைத்தாள்.