தரையை மூடுவதற்கு முன்

“அதெப்படி அண்ணி, கறி ஊருக்கு, தானியம் மட்டும் உங்களுக்கா? வீட்டுல ஏதாவது மிஞ்சிச்சுன்னா அண்ணன் பசியோட திரும்பி வந்துருவாரு,” என்றான் கொழுந்தன் கபாத்.

“வரட்டுமே! வந்து இந்த வருஷமாவது என்கூடக் களை பிடுங்கட்டும்.”

கூரைமேல் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தெசூ அண்ணாந்து பார்த்தாள். வீட்டுக்கு வாசலாக இருந்த, ஏணி இறங்கும் கூரைத் துவாரத்தைச் சுற்றிலும் பசித்த முகங்கள். கீழே, வீட்டுத் தரையில் தோண்டிய குழிக்குள், அவள் கணவன் ஓருன் பாயில் சுருட்டப்பட்டு முழங்கால் மடக்கிக் கிடந்தான். செத்தவன் வீட்டு உணவையெல்லாம் ஊர் தின்று தீர்த்த பிறகுதான் சாந்து பூசித் தரையை மூடுவார்கள். காலகாலமாக அதுதான் வழக்கம்.

மான்கறி தீர்ந்தது. பயறும் தீர்ந்தது. மண்குதிரிலிருந்த தானியத்தையும் அவளே அள்ளி, அவளே அரைத்துக் கொடுத்தாள். மிஞ்சியது ஒரு கூடைக் கோதுமை. மழை விழுந்ததும் ஆற்றங்கரையில் விதைக்க வேண்டியது. மலைச்சரிவில் தானாக முளைப்பது கை பட்டதும் உதிர்ந்துவிடும்; இது உதிராது. உதிராத கதிராகப் பார்த்துப் பார்த்து வருடா வருடம் அவள் பொறுக்கிச் சேர்த்த மணிகள். போனால் போனதுதான். அந்தக் கூடையின்மேல்தான் இப்போது கபாத்தின் கை.

“இது சாப்பாடு இல்ல, கபாத். விதை.”

“வாயில போட்டா சாப்பாடுதானே?”

“உங்க அண்ணன் ஒருநாள் குனிஞ்சிருப்பாரா அந்த நிலத்துல? எலி வேலைன்னு சிரிச்சாரு. நீயும் சேர்ந்துதானே சிரிச்ச? மானை விரட்டிட்டு வெறுங்கையோட வந்த நாளெல்லாம் எந்தக் குதிருக்குள்ள கையை விட்டீங்க? அவரு கண்ணை மூடினதும் இது அவரோடதாயிடுச்சா?”

“வீடு அவரோடது. உள்ள இருக்கறதும் அவரோடதுதான். வழக்கத்தை நானா போட்டேன்?”

“கறியை மட்டுமே தின்னு வாழ்ந்தவங்க போட்டது. கறி வெச்சிருந்தா புழுக்கும், அதனால தீர்க்கச் சொன்னாங்க. இது புழுக்குதா? மோந்து பாரு!”

அள்ளி அவன் மூக்கருகே நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“சண்டையை நாளைக்குப் போட்டுக்கங்கம்மா,” மேலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். “செத்தவரு எவ்வளவு நேரம்தான் மடங்கிக் கிடப்பாரு?”

மறுபடி சிரிப்பு. வரும் கோடையில் இதே முகங்கள்தான் ஏணியிறங்கி வந்து, “ஏதாவது இருக்காம்மா?” என்று நிற்கும்.

கபாத் கூடையைத் தூக்கினான். அவள் மறுவிளிம்பைப் பற்றிக்கொண்டாள். நார் முறுகியது. ஏணியில் ஆட்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

“சரி, தின்னுங்க. எல்லாரும் தின்னுங்க,” என்றாள். “விதைக்க, என் ரெண்டு கையும் கொள்ற அளவு மட்டும் விட்டுட்டுப் போ, கபாத்.”