கண்ணுக்குள் இரும்பு

கண்ணில் இரும்புத் துண்டு ஏதும் பட்டதுண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. முதுகு வலிக்கு ஸ்கேன் எடுக்க வந்த சந்திரசேகர் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். கயல்விழி படிவத்தைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். இடது கண் கறுப்பு. வலது கண் துருப்பிடித்த ஆணியின் நிறம்.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் அந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சென்டருக்கு அவள் டெக்னீஷியன் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். போன வாரம் ஒரு பெரியவரை வீண் சந்தேகத்தில் எக்ஸ்ரேவுக்கு அனுப்பி எல்லாரிடமும் பேச்சு வாங்கியிருந்தாள். இருந்தாலும் கேட்டாள்.

“அண்ணா, இந்தக் கண்ணு பொறந்ததுல இருந்தே இப்படியா?”

“இல்லீங்க, நாலு வருசமாத்தான். ரிக் வண்டியோட போர்வெல் போட எல்லைப் பக்கம் போயிருந்தேன். அந்தாண்டயிருந்து குண்டு வந்து உழுந்துச்சு. கண்ணுல இரும்புச் சிலாம்பு. அங்கத்த டாக்டரு ஆபரேசன்னாரு. நான் ரயிலேறி ஊட்டுக்கு வந்துட்டேன்.”

“அப்ப இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?”

“அதான் எடுத்தாச்சுங்களே” என்றாள் அவர் மனைவி அமுதவல்லி.

எருமப்பட்டிப் பக்கம் அவர்கள் ஊரில் கண்ணில் எது விழுந்தாலும் பெருமாயியிடம்தான் போவார்கள். அவள் கண்மேல் வாய் வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் துப்பிக் காட்டுவாள். அன்றும் கறுப்பாக ஒன்றைத் துப்பினாள். அமுதவல்லி அதைப் பொட்டலம் கட்டி, திருநீற்றோடு பர்ஸில் வைத்திருந்தாள்.

“வெளிய ஏழு பேரு உக்காந்திருக்காங்க தாயி” என்றார் மூத்த டெக்னீஷியன் வேல்முருகன். “அவங்களே எடுத்தாச்சுங்கறாங்க. நீ எதுக்கு மறுபடி தோண்டறே? ரிக் வண்டிக்காரரு அவருதான், நீயில்ல.”

கயல்விழி சந்திரசேகரை அழைத்துப்போய் ஸ்கேன் அறைக் கதவைத் திறந்தாள். வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

“உள்ள யாரோ பொரண்டு படுத்த மாதிரி இருக்குதுங்க.”

“எங்க?”

“கண்ணுக்குள்ள.”

கயல்விழி கதவைச் சாத்தினாள். படம் எடுக்காத நேரத்திலும் அந்த இயந்திரத்தின் காந்தம் ஓய்வதில்லை. உள்ளே இரும்பு இருந்தால் ஒரே இழுப்பில் கண் கிழிந்துவிடும்.

அமுதவல்லியிடமிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். அறிவிப்புப் பலகையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அருகில் பிடித்தாள். கறுப்புத் துகள் அசையவே இல்லை.

சந்திரசேகர் நான்கடி தள்ளி, கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். “அதை அந்தாண்ட வெச்சிருங்க சாமி” என்றார். “உள்ள இருக்கறது திரும்பிப் பாக்குது.”

எக்ஸ்ரே அறைக்கு வேல்முருகனே அவரைக் கூட்டிப்போனார்.

மேலே பார்க்கச் சொல்லி ஒரு படம், கீழே பார்க்கச் சொல்லி ஒரு படம். முதலாவதில் வலது கண்குழிக்குள் எள்ளளவு வெள்ளைப் புள்ளி. இரண்டாவதில் அது இடம் மாறியிருந்தது. கண்ணோடு சேர்ந்து அதுவும் கீழே இறங்கியிருந்தது.

கண் டாக்டர் போனில் சொன்னார்: இத்தனை வருடமாக இரும்பு உள்ளேயே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது, நாளைக் காலையே எடுத்துவிட வேண்டும், மிச்சமிருக்கும் பார்வையாவது தங்கும்.

“அப்ப இதென்னங்க?” அமுதவல்லி பொட்டலத்தை நீட்டினாள்.

“தெரியலீங்க” என்றாள் கயல்விழி. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

வேறு வழியாக இறங்கினால் ஸ்கேன் அறையைத் தவிர்க்கலாம் என்று இருவரையும் பின்பக்கம் கூட்டிப்போனாள். அவர் கண்களை மூடியபடி மனைவியின் கையைப் பிடித்து நடந்தார். பாதி வழியில் நின்று, வெறும் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“அந்த மிசினு இதுக்குப் பின்னாடிதானுங்க இருக்குது?”

அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கயல்விழி அவர் முழங்கையைப் பிடித்து எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்தினாள். கால்கள் வந்தன. முகம் மட்டும் திரும்ப நேரமாயிற்று.