மூன்றாம் இடம்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் கடலூரில் கூடைப்பந்து ஆடுகிற எவளைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். தப்பாக ஒரு விசில் ஊதினால் போதும், பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரெஃப்ரியின் மூக்குக்கு நேரே போய் நிற்பேன். இரண்டு முறை என்னைப் பாதி ஆட்டத்தில் வெளியே அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று, நான் கத்தியதெல்லாம் நியாயத்துக்குத்தான். எங்களுக்குச் சாதகமாகத் தப்பு நடந்தாலும் போய்ச் சொல்லிவிடுவேன். அதற்காக என் அணிக்காரிகளே என்னை லூசு என்று திட்டியிருக்கிறார்கள்.

எங்கள் அணிக்குப் பெயர் பீச் ரோடு மகளிர் அணி. மொத்தம் எட்டு பேர். நான் ஜெயராணி, கேப்டன், அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட். 2011-இல் எனக்கு வயது முப்பத்து மூன்று. அந்த டைப்பிஸ்ட் வேலையே கூடைப்பந்து போட்ட பிச்சைதான். இருபத்தொரு வயதில் மாநிலப் போட்டியில் மூன்றாம் இடம் வந்தோம், ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், விளையாட்டுக் கோட்டாவில் உள்ளே வந்தேன். அந்த ஒரு தாள் இல்லையென்றால் என் கதி என்ன ஆகியிருக்குமோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் எழிலரசி விஷயத்தில் நான் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன். எழில் காடாம்புலியூர்ப் பெண். ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. பகலெல்லாம் முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைத்துவிட்டு, சனி ஞாயிறில் பஸ் பிடித்துக் கடலூர் வந்து ஆடுவாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல்களெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். எந்த சோப்புக்கும் போகாது. அந்தக் கையால் பந்தைப் பிடித்தாள் என்றால் ஒருத்தியாலும் பிடுங்க முடியாது.

அந்த வருடம் சித்திரை மாதக் கடைசியில் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் பார்த்தேன். சென்னையில் ஒரு பெரிய அலுவலகம் தன் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறது. நிரந்தர வேலை. இருபத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது; மாநில அளவுப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த சான்றிதழ் வேண்டும். எழிலுக்கு ஜூனில் இருபத்தைந்து முடிகிறது. சான்றிதழ் கிடையாது. மே மாதம் சிதம்பரத்தில் ஒரு மாநிலப் போட்டி இருந்தது. அதை விட்டால் அவளுக்கு வேறு போட்டி இல்லை.

"எழிலு, இதுல மூணாவது வந்தா அப்ளிகேஷன் போடலாம். வரலைன்னா ஆயுசுக்கும் கொட்டை ஒடைச்சுக்கிட்டுக் கெட" என்றேன்.

"நாலு சம்பள டீமு வருதாம்க்கா. நம்மளால எப்புடிக்கா?"

"ஏன், அவுங்களுக்கு மட்டும் கை நாலா இருக்குது?"

கேட்டுவிட்டேனே தவிர எனக்கும் சந்தேகம்தான். சம்பள அணி என்றால் விளையாடுவதே உத்தியோகம். காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி, ஒன்றாம் தேதி சம்பளம். சிதம்பரத்துக்கு வந்தவர்கள் லாட்ஜில் தங்கினார்கள். நாங்கள் தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய், ஆடிவிட்டு, பஸ்ஸிலேயே திரும்பினோம். எழிலுக்கு சீசன் நேரத்தில் லீவு கொடுக்க மாட்டேன் என்றார் கம்பெனி மேஸ்திரி. "கொடுக்காட்டி போவட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

முதல் ஆட்டம் எங்களைப் போலவே ஒரு சின்ன கிளப்போடு. சுலபமாக ஜெயிக்கலாம் என்று நினைத்திருந்தோம். அட ஆண்டவரே! எறிகிற பந்தெல்லாம் வளையத்தின் வலது பக்கத்தில் பட்டு வெளியே தெறிக்கிறது. எனக்கு மட்டுமில்லை, எட்டுப் பேருக்கும். பாதி ஆட்டத்தில் எங்கள் கணக்கு வெறும் ஒன்பது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே ரெஃப்ரி ராமாமிர்தத்திடம் போனேன். மனுஷன் பத்து வருடமாக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்.

"சார், ரிங்கு கோணலா மாட்டியிருக்காங்க. அளந்து பாருங்க."

"தாயே, ரெண்டு டீமும் அதே ரிங்குலதான் போடுது."

"அளங்க சார்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டு டேப் வரவழைத்தார். ஏணி போட்டு ஏறி அளந்தார்கள். ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. கூட்டமே சிரித்தது. பதினாறு பாயிண்டில் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்போது எழில் மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, திட்டாதீங்க. அந்த ஹால்ல காத்தே இல்லக்கா."

"அதுக்கு?"

"நம்ம தரையில எப்பவும் வடக்கு ரிங்குலதான் போட்டுப் பழகறோம், சாயங்காலம் கடக்காத்து அடிக்குதுல்ல. பந்து தள்ளிக்கிட்டுப் போவுதுன்னு நாம எல்லாரும் வலது பக்கமா ஒதுக்கித்தானே போடறோம்? இங்கயும் அப்புடியே போட்டுட்டோம்."

பன்னிரண்டு வருடம் கடற்கரை வெட்டவெளியில் ஆடி, காற்றுக்கு ஒதுக்கிப் போடுவது கைக்கே பழகிவிட்டது. அதைக்கூட உணராமல் ஊராரை ஏணி ஏற வைத்திருக்கிறேன். முதலில் எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் எழுந்து வந்து என்ன சமாச்சாரம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், நேராக எறிந்து எறிந்து கையைத் திருத்திக்கொண்டோம். இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்து எப்படியோ காலிறுதிக்குள் நுழைந்துவிட்டோம். அங்கே எதிரே நின்றது ஒரு சம்பள அணி, முந்தின வருடத்து இரண்டாம் இடம்.

அவர்களுடைய கோச் எங்களைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்காருகிற ஐந்து பேரை முதலில் இறக்கினார். பெரிய ஆட்டக்காரிகள் கால் மேல் கால் போட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நாங்களும் ஆடினோம். வளையத்தடியில் எழில் நின்றாள்; பந்தை மேலே தூக்கிப் போட்டால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொண்டாள். கோச் பதறிப்போய்ப் பெரியவர்களை இறக்கியபோது நாங்கள் பதினொன்று முன்னால் போயிருந்தோம். துரத்தினார்கள், பாவம், நன்றாகவே துரத்தினார்கள். மூன்று பாயிண்டில் ஜெயித்தோம். அன்றைக்கு அரங்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. பஸ்ஸில் ஏறியதும் அதே கண்டக்டர், "என்னம்மா, இன்னைக்கு என்னாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். டிரைவரிடம் கத்திச் சொன்னார். டிரைவர் கடலூர் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

அரையிறுதியில் வாங்கினோம் பாருங்கள் ஒரு அடி! இருபத்து நாலு பாயிண்ட். அவர்கள் எங்களைக் குறைத்து எடைபோடவில்லை, அவ்வளவுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"நாளைக்கு மூணாவது இடத்துக்கு ஆட்டம் இருக்குல்லக்கா" என்றாள் எழில். அவளுக்கு வேண்டியது அதுதானே.

மறுநாள் எதிரே நின்றது சிதம்பரம் மாணவிகள் அணி. அவர்களும் எங்களைப் போல யாரும் எதிர்பார்க்காமல் மேலே வந்தவர்கள்தான். உள்ளூர் அணி என்பதால் நாலு வீதியும் அரங்கத்தில் வந்து குவிந்துவிட்டது. அவர்களின் கேப்டன் தாட்சாயிணி கீழ வீதிப் பெண், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஆட்டத்துக்கு முன்னால் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ஸ்கூல் படிக்கறப்ப கடலூர்ல உங்க மேட்ச் பார்த்திருக்கேன். உங்க டீமுக்குத் தப்பா ஒரு பாயிண்ட் குடுத்தாங்க, நீங்களே போய் வேணாம்னு சொன்னீங்க. அந்த மேட்ச்ல நீங்க தோத்துட்டீங்க."

"வயித்தெரிச்சலைக் கெளப்பாத, போய் ஆடு" என்று முதுகில் ஒன்று வைத்தேன். சிரித்துக்கொண்டே ஓடினாள். பார்த்தவுடன் பிடித்துப்போகிற பெண்.

ஆட்டம் கடைசிவரை இழுபறி. இரண்டு நிமிடம் இருக்கும்போது எழிலுக்கு ஐந்தாவது ஃபவுல் ஊதினார் ராமாமிர்தம். சரியான விசில்தான், எதிராளியின் கையை எழில் தட்டியது எனக்கே தெரிந்தது. ஐந்து ஆகிவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். அதற்கு முன்பே இன்னொருத்தி கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தாள். மிச்சம் ஆறு பேர். அதில் வளையத்தடியில் நிற்க ஒருத்திக்கும் உயரமில்லை.

நாலு விநாடி இருந்தது. அவர்கள் ஐம்பத்து மூன்று, நாங்கள் ஐம்பத்தொன்று. பந்து என் கைக்கு வந்தது. இரண்டு தட்டு தட்டி, இடது பக்கம் ஓடி, மூன்று பாயிண்ட் கோட்டை ஒட்டி நின்று எறிந்தேன். கை விட்டதுமே தெரிந்துவிட்டது. பந்து வலைக்குள் இறங்கியது, மணி அடித்தது. ராமாமிர்தம் மூன்று விரலோடு இரண்டு கையையும் தூக்கினார். ஐம்பத்து நாலு. ஜெயித்துவிட்டோம்!

கீழே குனிந்து என் காலைப் பார்த்தேன். ஐயோ என்றிருந்தது.

அதற்கு முந்தின வருடம்தான் மூன்று பாயிண்ட் கோட்டை அரை மீட்டர் பின்னால் தள்ளி விதியை மாற்றியிருந்தார்கள். சிதம்பரத்தில் புதுக் கோடு போட்டு, பழைய கோட்டின் மேல் தரை நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்டுக்கு அடியில் பழையது லேசாகத் தெரியும். எங்கள் பீச் ரோடு தரையில் புதுக் கோடு யார் போடுவது? பழையதுதான். போட்டி முழுக்க ஒருத்திக்கு ஒருத்தி 'பின்னாடி போ, பின்னாடி போ' என்று கத்திக்கொண்டே ஆடினோம். அந்த நாலு விநாடியில் கத்த எவளுக்கு நேரம்? பன்னிரண்டு வருடம் நின்று பழகிய இடத்தில் என் கால் போய்த் தானாக நின்றுவிட்டது. நான் நின்றது பழைய கோட்டை ஒட்டி. புதுக் கோடு எனக்குப் பின்னால் இருந்தது; அதற்கு வெளியே நின்று போட்டால்தான் மூன்று. இரண்டு பாயிண்ட்தான். ஐம்பத்து மூன்றுக்கு ஐம்பத்து மூன்று. சமமானால் இன்னும் ஐந்து நிமிடம் ஆட வேண்டும், எழில் இல்லாமல். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

தாட்சாயிணி ராமாமிர்தத்திடம் ஓடி வந்தாள். "சார், அது ரெண்டு சார். கோட்டுக்கு உள்ள நின்னாங்க."

"வெளியன்னுதான் பார்த்தேன்" என்றார் அவர். அவருக்கும் ஐம்பது வயது. அவர் கண்ணும் பழைய கோட்டிலேயே பழகியதுதான். இன்னொரு ரெஃப்ரியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கு ஆட்கள் மறைத்துவிட்டார்களாம். கூட்டம் கூச்சல் போட்டது. ராமாமிர்தம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஜெயராணி, நீயே சொல்லிடும்மா. பத்து வருஷமா நான் பண்ண தப்பையெல்லாம் நீதானே சொல்ற. உள்ளன்னா உள்ள, வெளியன்னா வெளிய. ஸ்கோர் சீட்டுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மாத்திடறேன்."

விதிப்புத்தகத்தில் அப்படியெல்லாம் கிடையாது. ஆனால் தாட்சாயிணி தலையாட்டினாள். "ஆமா சார், அக்கா சொல்லட்டும்."

பெஞ்சைப் பார்த்தேன். எழில் துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். கறுத்த விரல்களைக் கோத்து மோவாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கோடு என்ன, கால் என்ன, அந்தத் தூரத்தில் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தாட்சாயிணிக்கு இருபது வயதுதான், அவளுக்கு அடுத்த வருடம் இருக்கிறது, அதற்கடுத்த வருடமும் இருக்கிறது என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கணக்கு நான் போட்டதே இல்லை.

"வெளியதான் சார்" என்றேன்.

எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது. "என்னம்மா?" என்றார்.

"வெளிய சார். கோட்டுக்கு வெளியதான் நின்னேன்."

ராமாமிர்தம் மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். எழில் ஓடி வந்து என்னை அப்படியே தூக்கிவிட்டாள். "அக்கா! அக்கா!" என்று அழுகிறாள், சிரிக்கிறாள். அவள் தோளுக்கு மேலே எனக்குச் சிதம்பரம் பெண்கள் தெரிந்தார்கள். ஒருத்தி தரையைக் காட்டி, "இங்கதாண்டி நின்னாங்க, நான் பார்த்தேன்" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

தாட்சாயிணி அவள் கையைப் பிடித்து இறக்கினாள். "வுடுடி, நாமதான் சரியாப் பார்க்கல. அந்தக்கா பொய் சொல்ல மாட்டாங்க."

அதற்கப்புறம் அவர்கள் வரிசையாக வந்து எங்களுக்குக் கை கொடுத்தார்கள்.