மூன்றாவது 'வேண்டாம்'

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில், எங்கள் விடுதியின் ஆறாவது மாடியில் நாற்பத்தெட்டுப் பேர் இருந்தோம். அதில் நாற்பத்து மூன்று பேர் மினசோட்டாக்காரர்கள். வெள்ளிக்கிழமை நாலு மணி ஆனால் போதும், அழுக்குத் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரவர் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் ஐந்து பேர். அதில் மூன்று பேருக்குப் பக்கத்து மாநிலமான விஸ்கான்சின், அவர்களும் போய்விடுவார்கள். நாலாவது ஆள் டெக்சஸிலிருந்து வந்தவன், கல்லூரி பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவன், ஆட்டங்களுக்கு வாசிக்கப் போய் அவனுக்கு மைதானமே கதி. ஐந்தாவது நான், ஜோஸ்லின் ட்ரெக்ஸ்லர், கிழக்குக் கோடி நியூ ஜெர்சி. சனிக்கிழமைகளில் அந்த நீள வராந்தாவில் நானும் சிப்ஸ் விற்கும் இயந்திரமும்தான் ஒருவருக்கொருவர் துணை.

நாற்பதாயிரம் பேர் படிக்கிற இடத்தில் ஒரு சிநேகிதிகூடக் கிடைக்கவில்லை என்றால் கோளாறு என்னிடம்தான் என்று முதல் மாதம் நினைத்து அழுதேன். இரண்டாவது மாதம் கோளாறு அவர்களிடம் என்று முடிவுகட்டினேன். அதற்குக் காரணம் ஜீட்டி.

செப்டம்பர் கடைசியில், பொதுச் சமையலறையில் ஒரு பெரிய தட்டு நிறைய ஜீட்டி செய்து அறைக்கு எடுத்து வந்தேன். குழாய் குழாயாகப் பாஸ்தா, மேலே சீஸ் உருகி முறுகியிருக்கும். மாடி முழுக்க வாசனை. என் அறை வாசலில் ஏழெட்டுப் பேர் சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட வாங்கப்பா, நிறைய இருக்கு" என்றேன்.

"ஐயையோ, உனக்கு எதுக்கு சிரமம்" என்றாள் என் அறைத் தோழி ப்ரிட்டா ஹால்வர்சன்.

"இப்பதான் சாப்பிட்டோம்" என்றார்கள் மற்றவர்கள்.

"சரி" என்று கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் நானே தின்றேன். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒருவரை இரண்டாம் தடவை கேட்டால், காது கேட்கவில்லையா என்பார்கள். அதற்குப் பிறகு மாடியில் யாரைப் பார்த்தாலும் ஒரு மரியாதையான புன்னகை. அந்தப் புன்னகைக்குப் பதில் கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருந்தால்கூடத் தேவலை.

அக்டோபரில் அம்மா போனில் கேட்டாள்: "வீட்டுக்கே வந்துடறியா? இங்கயும் யுனிவர்சிட்டி இருக்கு."

"வேண்டாம்மா" என்றேன். ஊரைவிட்டுப் போயே தீருவேன் என்று குதித்தது நான்தானே.

நவம்பரில் மறுபடி கேட்டாள். "வேண்டாம்" என்றுதான் சொன்னேன், ஆனால் குரல் உடைந்துவிட்டது. மறுநாளே அவள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை முழுக்க நிரப்பி என் கணினிக்கு அனுப்பிவிட்டாள். 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான், அதை அழுத்துவது மட்டும் என் வேலை. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள், புதன்கிழமை, மினசோட்டா நேரப்படி மாலை ஐந்து மணி கடைசி. அந்தப் பண்டிகைக்கு அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட் இருந்ததால் நான் ஊருக்குப் போகவில்லை. விடுதியில் தனியாக உட்கார்ந்து சிப்ஸ் தின்பதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை ப்ரிட்டா கேட்டாள்: "தேங்க்ஸ்கிவிங்குக்கு எங்க வீட்டுக்கு வாயேன்."

பாவப்பட்டுக் கேட்கிறாள் என்று தோன்றியது. "வேண்டாம், பரவால்ல" என்றேன். திங்களன்று மறுபடி கேட்டாள். மறுபடி வேண்டாம் என்றேன். செவ்வாயன்று, "நிஜமாத்தான் கேக்கிறேன், வாயேன்" என்றாள். முகத்தில் ஏதோ தீவிரம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"எத்தன தடவ சொல்றது? வேண்டாம்."

அவள் தலையாட்டிவிட்டு விளக்கை அணைத்தாள்.

புதன் நாலு மணிக்கு அவளை அழைத்துப்போக அவள் அப்பா டுவேன் வந்தார். வேட்டைத் தொப்பி, கையில் ஒரு தகர டப்பா. வந்து உட்கார்ந்ததும் தொடையில் இரண்டு கையாலும் ஒரு தட்டுத் தட்டி, "சரி அப்போ, கிளம்புவோம்" என்றார். அவர்கள் போனதும் பொத்தானை அழுத்திவிடலாம் என்று நான் கணினியைத் திறந்து வைத்தேன்.

அவர் கிளம்பவில்லை. வழியில் பார்த்த மான்களைப் பற்றிச் சொன்னார். எழுந்தார். "சரி அப்போ." கதவருகே நின்று பனிப்பொழிவைப் பற்றிச் சொன்னார். கதவுப் பிடியில் கை வைத்தார். பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் ஆபரேஷன் கதை தொடங்கியது. எங்கள் ஊரில் 'வரேன்' என்ற சொல் முடிவதற்குள் கார் தெருமுனையில் இருக்கும். இங்கே இருபது நிமிஷம் ஆயிற்று, மனிதர் இன்னும் வாசல்படியைத் தாண்டவில்லை.

பிறகு டப்பாவைத் திறந்து நீட்டினார். "ப்ரிட்டாவோட அம்மா மார்லிஸ் செஞ்ச பூசணிக்காய் கேக். ஒண்ணு எடுத்துக்கோம்மா."

எடுத்து வாயில் போட்டேன்.

"உடனே எடுத்துட்டா" என்றார் அவர் மகளிடம், ஒருவிதப் பயத்தோடு.

"குடுத்தீங்களே அங்கிள்."

"முதல் தடவையே யாராவது எடுப்பாங்களா?" என்றாள் ப்ரிட்டா. "ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லணும். மூணாவது தடவ கேட்டா எடுத்துக்கணும். மூணாவது தடவையும் வேண்டாம்னா நிஜமாவே வேண்டாம்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது?"

"அப்போ அந்த ஜீட்டி?"

"ஒரு தடவதான் கேட்ட. நீ இன்னும் ரெண்டு தடவ கேப்பேன்னு நாங்க வாசல்லயே நின்னோம். மூஞ்சிலயே கதவ சாத்திட்ட. அரை மணி நேரம் மோந்துட்டே நின்னோம் தெரியுமா? ஒல்லிப் பையன் ஒருத்தன் அழுதே அழுதுட்டான்."

"என்னை யாருக்கும் பிடிக்கலன்னு நினைச்சேன்."

"உனக்குத்தான் எங்கள பிடிக்கலன்னு நாங்க நினைச்சோம். நேத்து மூணாவது தடவையும் வேண்டாம்னுட்ட. இதுக்கு மேல நான் எப்படி கேக்கிறது?"

டுவேன் தரையைப் பார்த்தபடி தொப்பியைச் சுழற்றினார். நாலாவது தடவை கேட்பது அந்த ஊரில் அடாவடி. அவர்களால் முடியாது, நாகரிகமானவர்கள். நல்ல வேளை, நான் நியூ ஜெர்சி.

"அங்கிள், நான் உங்க வீட்டுக்கு வரலாமா?"

அவர் அப்படியொரு கேள்வியை வாழ்நாளில் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காது சிவந்துவிட்டது.

"அதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். அதுதான் அந்த ஊரில் ஆனந்தக் கூத்து என்று ப்ரிட்டா பிற்பாடு சொன்னாள்.

கணினியையும் நாலு துணியையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகும் லிப்ட் வாசலில் ஒரு மீன்பிடிக் கதை, கார் பக்கத்தில் ஒரு முழங்கால். கார் நகரும்போது மணி ஐந்தாக ஐந்து நிமிஷம். அம்மா அழைத்தாள்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"இன்னும் அஞ்சு நிமிஷம்தாண்டி இருக்கு. கடைசியா கேக்கிறேன், வீட்டுக்கு வந்துடறியா?"

கணினி மடியில்தான் இருந்தது. அவள் கேட்டதை எண்ணிப் பார்த்தேன். அக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று.

"இது மூணாவது தடவைதானேம்மா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"வேண்டாம்மா" என்றேன்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே டுவேன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம் மெதுவாக, "நிஜமாத்தான் சொல்றா" என்றார்.