கசப்பு குடித்த எலிகள்

நிலவேம்புச் சாறு எலிகளைக் கொல்லவில்லை, குண்டாக்கியிருந்தது. கௌதமன் தராசைத் துடைத்துவிட்டு மறுபடியும் நிறுத்துப் பார்த்தான். இருபத்தெட்டு நாளாகச் சாறு குடித்த கூண்டில் எலி ஒன்றுக்கு முப்பது கிராம் கூடுதல். வெறும் தண்ணீர் குடித்த கூண்டு ஒல்லியாகவே இருந்தது.

அது 1996 மார்ச். கோவையில் ஒரு கல்லூரியில் அவனுக்கு எம்.எஸ்ஸி. கடைசி வருடம். சாறு உடம்புக்குக் கெடுதல் செய்யுமா என்பதுதான் ஆய்வு. பேராசிரியர் வெங்கடபதிக்கு அது போதவில்லை. வெள்ளகோவில் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவரிடம், "உடம்பு தேத்துற டானிக்குங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். கொடுக்காவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும். கொடுத்துவிடுவோம் என்பதில் கௌதமனுக்குச் சந்தேகமில்லை. தன்னைப் பற்றி அவனுக்கு எப்போதுமே சந்தேகம் வந்ததில்லை.

அப்போது அட்டெண்டர் சின்னான் உள்ளே வந்தார். குண்டு எலிகள் ஆறும் பின்னங்காலில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. முதல்வருக்குக்கூட அந்தக் கல்லூரியில் இப்படி யாரும் எழுந்து நின்றதில்லை. ஒல்லி எலிகள் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏனுங்கண்ணா, உங்களப் பாத்தா இதுக எதுக்கு எந்திரிக்குது?"

"பழக்கந்தானுங்க தம்பி. நீங்க கசப்ப வாயில ஊத்திப்போட்டுப் போயிர்றீங்க. எங்கூட்டுல புள்ளைக்குக் கசாயம் குடுத்தா, பொறவு கையில ஒரு துண்டு வெல்லம் வெப்போம். அதானுங்க. கூட நாலு நெலக்கடல."

"அந்தக் கூண்டுக்கு?"

"அதுக பச்சத்தண்ணிதானுங்க குடிச்சுது. தண்ணி குடிச்சதுக்கெல்லாமா வெல்லம்?"

கௌதமன் எடை நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனான்.

வெங்கடபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எடைப் பக்கத்த அப்படியே வெச்சிரு. வெல்லம் குடுத்தது யாருக்குப்பா தெரியும்?"

"எலிக்குத் தெரியுங்க சார்."

"எலி வைவாவுக்கு வராது."

"நான் வருவேனுங்க. கேக்காட்டியும் சொல்லிப்போடுவேன்."

இரண்டு வருடமாக அவனை அறிந்தவர் அவர். சொல்லிவிடுவான். "ஆறு மாசம் போயிரும்" என்றார்.

"போகட்டுங்க சார்."

புது எலிகள் வந்தன. கடி வாங்காமல் எலியைப் பிடிக்கத் தெரிந்தவர் சின்னான் ஒருவர்தான். அவரை மாற்ற முடியாது. வெல்லத்தை நிறுத்தச் சொன்னால் சரியென்பார், நிறுத்தமாட்டார். ஆகவே கௌதமன் இரண்டு கூண்டுக்கும் ஒரே அளவு வெல்லம், கடலை என்று எடைபோட்டே கொடுத்தான்.

"சும்மா இருக்கறதுகளுக்குமுங்களா?" என்றார் சின்னான்.

"தண்ணியானாலும் தொண்டைக்குள்ள கொழாய உட்டுத்தானுங்கண்ணா ஊத்தறோம்."

சின்னான் யோசித்தார். ஞாயமாகத்தான் பட்டது.

முடிவு வந்தது. ஈரல் சுத்தம், சிறுநீரகம் சுத்தம், எடையில் வித்தியாசம் எதுவுமில்லை. வெள்ளகோவில்காரர் நேரில் வந்து, நின்றபடியே படித்தார்.

"அப்ப இது டானிக் இல்லீங்களா தம்பி?"

"இல்லீங்க. இந்த அளவு குடிச்சா எலி சாகாது. இப்போதைக்கு அவ்வளவுதானுங்க தெரியும்."

"அத லேபிள்ல போட முடியாதுங்களே."

"போட்டீங்கன்னா முதல் பாட்டில் நான் வாங்கிக்கறனுங்க" என்றான் கௌதமன்.