பத்தியக்காரி வயிற்றில் மிளகாய் விதை

மிஷன் ஆஸ்பத்திரியில் கெசியாவுக்குக் குழாயம்மா என்று பெயர். டாக்டரம்மா சீமையிலிருந்து கொண்டுவந்த மைக்ராஸ்கோப்புக் குழாயில் அவள் முதன்முதலாகக் கண்ணை வைத்தபோது கல்யாண வயது. இப்போது காதோரம் நரை. இடையில் தாமிரபரணிக் கரை ஊர்களின் சளி, ரத்தம், மலம் எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. மலத்தைத் தொடுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். போங்கள் என்று விட்டுவிட்டாள். அவள் எழுதிக் கொடுத்தால் அது வேதவாக்கு என்ற பெருமை அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

அன்று எழுதிக் கொடுத்தது கோமுவைப் பற்றி. அம்பாசமுத்திரம் பக்கத்துச் சைவ வீட்டு மருமகள். தலைப்பிள்ளை பெற்று எழுந்தவள் வெளுத்துப்போய், நாலடி நடந்தாலே மூச்சு வாங்கினாள். ரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவாக இருக்கும், மலத்தைப் பார் என்றார் டாக்டரம்மா. மாமியார் பிரம்மநாயகி வீட்டிலிருந்து சிரட்டையில் மூடி மகன் கையில் கொடுத்தனுப்பியதைக் கெசியா துருவித் துருவிப் பார்த்து, ‘புழு முட்டை இல்லை’ என்று எழுதிவிட்டாள். அப்படியானால் இதயம்தான் கெட்டிருக்க வேண்டும், இனி மருந்தில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். புருஷன் தாணுமாலையன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டி பூட்டப் போனான்.

வராந்தாவில் பிரம்மநாயகி யாரிடமோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

“நான் என்ன தாயி குறை வச்சேன்? நல்லமிளகும் பூண்டுமாத்தான் பொங்கிப் போட்டேன். பிள்ளை பெத்ததுலேருந்து ஒரு மிளகாய் அவ நாக்குல பட்டதில்ல.”

அந்த வழியாக வந்த கெசியா அப்படியே நின்றுவிட்டாள். சிரட்டையில் மிளகாய் விதை கிடந்ததை அவள் வெறுங்கண்ணாலேயே பார்த்திருந்தாள். பார்த்தும், அதை ஒதுக்கிவிட்டு முட்டையைத் தேடியிருந்தாள்.

“ஆச்சி, சிரட்டையில இருந்தது யாருக்குள்ளது?”

“கோமுவுக்குள்ளதுதான்.”

“பத்தியக்காரி வயித்துல மிளகாய் விதை எப்படி வந்துது?”

பிரம்மநாயகி சுற்றுமுற்றும் பார்த்தாள். “பைய பேசு தாயி. என் மகன்தான அதைச் சுமந்துட்டு வரணும்? புருஷன் கையில எப்படிக் கொடுப்பேன்னு பிள்ளை கூசி அழுதா. நான் பெத்தவன்கிட்ட எனக்கென்ன கூச்சம்? ஒரே வீட்டுச் சோறுதானேன்னு என்னுதை வச்சிட்டேன்.”

கெசியாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாதி ஆத்திரம் தன் மேலேயே. நேரே கோமுவின் கட்டிலுக்குப் போய், எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

“இங்கன ஆம்பளை யாரும் இல்ல. என் கையில கொடு. நானும் பொம்பளதான.”

கோமு கொடுத்தாள்.

புழு வேண்டும் என்று ஜெபித்தது கெசியா அன்று ஒருநாள்தான். முதல் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. இந்தப் பெண் செத்துவிடுவாளோ என்று நினைத்துக்கொண்டே அடுத்ததை வைத்தாள். மூன்றாவதில், மெல்லிய ஓட்டோடு ஒரு முட்டை. பக்கத்தில் இன்னொன்று. கண்ணாடியைத் தள்ளத் தள்ள முட்டை.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம், புழு!”

அவள் போட்ட கூச்சலில் டாக்டரம்மாவே ஓடிவந்து பார்த்துவிட்டு, மருந்தை எடுத்துவரச் சொன்னார்.

வாசலில் நின்ற பிரம்மநாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “புழுவுக்கா தாயி இம்புட்டுச் சந்தோசம்?”

“இதயம்னா எங்ககிட்ட மருந்தில்ல ஆச்சி. புழுவுக்கு இருக்கு. ஒங்க மருமக பிழைச்சுக்கிடுவா.”

பிரம்மநாயகி உள்ளே வந்து கெசியாவின் கையைப் பிடித்தாள்.

“ஐயோ ஆச்சி, இன்னும் கையைக் கழுவல.”

“கெடக்கட்டும்,” என்று அவள் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.