தேவயானி கட்டிய மஞ்சள் துணி

1

கண்ணுகளா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்த கதையில்லை. மானாம்பதி ஏரிக்கரையில் பஸ் பஞ்சராகி நின்றபோது, மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்த பனங்கன்று ஒன்றைப் பார்த்தேன். டயர் மாட்டுவதற்குள் கதையைத் திருடிக்கொண்டு ஏறிவிட்டேன்.

'படைத்தவரின் பூமியைப் பேணுவது ஒவ்வொரு கிறிஸ்தவரின்...' என்றுதான் முதலில் தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

2

தேவயானி சர்ச்சுக்காரி. ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றி, குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து நாற்பது கன்று தேற்றியவள். போன வருடம் குருத்தோலை ஞாயிறுக்காக, சர்ச்சில் மணியடிக்கும் ஏசுதாஸ் ஒன்பது கன்றில் குருத்தைப் பிடுங்கினார். ஒன்பதும் பட்டுப்போயின. இந்த வருடமும் வந்து நின்றார்.

"ஏசப்பாவுக்குத்தானே தேவயானி? இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"கன்னு செத்துடும்ணா. கயுத மேல வந்தவரு, மரத்தக் கொன்னுட்டு வந்து என்னைக் கும்பிடுன்னாரா?"

"நம்ம சர்ச்சு ஐயரு சொல்லிட்டாரு. சனிக்கெயம கத்தியோட வரேன்."

[இங்கே அவளை ஏதேன் தோட்டம் பற்றி ஒரு பக்கம் பேசவைத்தேன். அடித்துவிட்டேன். அவளுக்கு வேலை இருந்தது.]

3

வெள்ளி மத்தியானம் வஹாப் கடையில் குங்குமம் வாங்கினாள்.

"இன்னாக்கா, மதம் மாறிட்டியா?"

"நானு இல்ல பாய். மரம் மாறுது."

பழைய மஞ்சள் புடவையைக் கிழித்து முப்பத்தொரு கன்றுக்கும் கட்டிப் பொட்டு வைத்தாள்.*

சனிக்கிழமை வந்த ஏசுதாஸ் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கன்னத்திலும் போட்டுக்கொண்டார். (கோபித்துக்கொள்வார். ஒரு கன்னம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

கன்றுகள் பிழைத்தன. ஆனால் சாயங்காலம் அவள் குடத்தோடு போனால், மேலத்தெரு ஆண்டாளம்மாள் கன்றுக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்!

"ஏ சர்ச்சுக்காரி, கிட்ட வராத. ஆத்தா குடி வந்துகீறா. செருப்ப வேற போட்டுக்கினு!"

"நான் வச்ச கன்னுக்கா!"

"வாயக் கயுவுடி. ஆத்தா கனவுல வந்து சொன்னா, அவளே வச்சதாம்."

* துணி யோசனை என்னுடையதில்லை. அவளுடையதுதான். சத்தியமாக.

4

ஞாயிறு காலை சபையார் கையில் குருத்துக்குப் பதில் வேப்பிலை. ஓசன்னா பாடிப் போனவர்களைப் பார்த்து, மாரியம்மன் ஊர்வலமென்று பாதித் தெரு தேங்காயோடு வெளியே வந்தது. போதகர் ஐசக் ஐயருக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பி வந்ததும் எல்லாரையும் பாயில் உட்காரவைத்துக் கேட்டார்:

"துணி கட்னது நம்ம சபையில யாரா இருந்தாலும் எந்திரிச்சி சொல்லிடுங்க. கர்த்தர் மன்னிப்பாரு. துணிய அவுத்துட்டு, சாயங்கால ஊர்வலத்துக்குக் குருத்து வெட்டிக்கலாம்."

கேட்டீர்களா? மன்னிப்பு அவளுக்கு, கத்தி கன்றுகளுக்கு. சும்மா இருந்தால் கன்று வளரும். ஆனால் வேறே சாமியைக் கும்பிடாத தேவயானி, ஊருக்கு முப்பத்தொரு சாமியைச் செய்துவைத்தவளாகச் சாகவேண்டும்.

ஒரு முடிவில் ஐயரையே மனம் திருந்தவைத்தேன். அத்தனை சுலபமாகத் திருந்துகிற ஐயரை நானே நம்பவில்லை. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் மழை... சே!

இப்போது அவள் பாயிலிருந்து பாதி எழுந்திருக்கிறாள். ஒரு கை தரையில். ஐயர் இன்னும் பார்க்கவில்லை. உட்காரச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, எழுந்திரு என்று சொல்லவும் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள் கண்ணுகளா. சீக்கிரம், பாவம், அவளால் ரொம்ப நேரம் அப்படி நிற்க முடியாது.